சமையல் மேடைக்கு எந்தக் கல்: குவார்ட்ஸா, கிரானைட்டா, கடப்பாவா? டெல்டா வீடுகளுக்கான கணக்கு

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு கல் கடைக்குள் நுழைந்தால் நடக்கிற பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டம்மாவுக்கு வெள்ளை மேடை வேண்டும். கடைக்காரர் குவார்ட்ஸ் பலகையைத் தட்டிக் காட்டி, "கறையே பிடிக்காதும்மா" என்கிறார். கூட வந்த மேஸ்திரி, "கறுப்பு கிரானைட்டே போட்டுட்டுப் போங்க சார், காலத்துக்கும் கிடக்கும்" என்கிறார். விலையைக் கேட்ட பெரியவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கும் கடப்பாவைப் பார்க்கிறார். மூவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

காவிரி நமக்குக் கொண்டுவந்து போட்டது வண்டல்தான், கல் இல்லை. பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்துதான் கல் வந்தது. ஆகவே எதை எடுத்தாலும் லாரி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் உண்டு. "இது உள்ளூர்க் கல், அதனால் மலிவு" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

## எதை வைத்து அளப்பது?

விலையை முதலில் கேட்டால் தவறான கல்லில் போய் நிற்போம். உங்கள் வீட்டில் சமையல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

சூடு. குக்கருக்குள் நீராவி 120 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதைக் கீழே வைத்தால் பெரும்பாலான கல் பொறுத்துக்கொள்ளும். முறுக்கு சுட்ட எண்ணெய்ச் சட்டி 180-ஐத் தாண்டும். காய்ந்த இரும்புத் தோசைக்கல் 200-க்கு மேல் போகும். அதை அடுப்பிலிருந்து எடுத்து நேரே மேடையில் வைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்கேனும் உண்டா? அந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி முடிவு ஆகிவிடும்.

கறை. மஞ்சள், புளி, காபி டிகாக்‌ஷன் எல்லா ஊருக்கும் பொது. டெல்டாவில் கூடுதலாக வாழை உண்டு. வாழைப்பூ ஆயும்போதும் தண்டு நறுக்கும்போதும் காயின் தோல் சீவும்போதும் வடிகிற பால் முதலில் தண்ணீர் போலத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் பழுப்பேறி, பிறகு கறுக்கும். வேட்டியில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா? நுண்துளை உள்ள வெளிர் கல்லிலும் அதே கதைதான்.

அடி. மேடை விளிம்பில் தேங்காய் உடைப்பவர்கள், இஞ்சி பூண்டை மேடையிலேயே வைத்து நசுக்குபவர்கள், கிரைண்டர் கல்லைக் கழற்றி 'டொக்' என்று வைப்பவர்கள். எந்தக் கல்லும் நடுவில் அடிபட்டு உடைவது அரிது. விளிம்பிலும் சிங்க் ஓரத்திலும்தான் சில்லு பெயரும்.

தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும் ஊர்களில், குறிப்பாகக் கடலை ஒட்டிய நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் பக்கங்களில், குழாயைச் சுற்றி வெள்ளைப் படிவு ஏறும். கறுப்புக் கல்லில் அது பளிச்சென்று தெரியும். இரும்புச்சத்து உள்ள தண்ணீர் என்றால் நேர் எதிர்: வெள்ளை மேடையில் செம்பழுப்பு வளையம் விழும்.

மண்ணும் தாங்கும் சுவரும். டெல்டாவின் களிமண் மழையில் ஊதிக் கோடையில் சுருங்கும். தரை ஒரு பக்கம் கால் அங்குலம் இறங்கினால் போதும், அதன்மேல் நிற்கும் மேடைக்கால் இறங்கிக் கல் நடுவில் விரியும். பழி கல்லுக்குத்தான் வரும்.

வழி. தெருவீடுகளில் ரேழி, கூடம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டித்தான் அடுப்படி. 10 அடி நீளக் கல் வாசலில் நுழைந்துவிடும், ரேழி முனையில் திரும்பாது. கல் எடுக்கப் போகுமுன் ஒரு 10 அடிக் கழியை வாசலிலிருந்து அடுப்படிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

## குவார்ட்ஸ்

இது மலையில் அறுத்தெடுத்த பலகை இல்லை. படிகக்கல்லை நொறுக்கி, எடையில் நூற்றுக்கு 90 முதல் 93 பங்குவரை அதைப் போட்டு, மீதிக்குப் பாலியெஸ்டர் பிசினும் நிறப்பொடியும் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டே அதிர்வோடு அழுத்தி, சூட்டறையில் இறுக வைக்கிறார்கள். இந்த முறையை உருவாக்கியது இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம்.

பத்துக்கும் குறைவான பங்கு பிசின்தானே என்று தோன்றும். பிசின் கல்லைவிட மிக லேசு. கன அளவில் கணக்குப் போட்டால் பலகையில் ஏழில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை பிசின்தான். குவார்ட்ஸின் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு கணக்கில் அடங்கும். துளைகளைப் பிசின் அடைத்துவிடுவதால் எண்ணெயும் புளித்தண்ணீரும் உள்ளே இறங்காது. அதே பிசின் 150 டிகிரிக்கு மேல் நிறம் மாறத் தொடங்கும்.

எலுமிச்சை, புளி, தயிர், வினிகர் எதுவும் நல்ல குவார்ட்ஸை அரிக்காது. கத்தியால் கீறினால் கத்திதான் தேயும். துளையை அடைக்கும் சீலர் பூசும் வேலையே இல்லை. பலகைக்குப் பலகை நிறம் ஒத்துப்போவதால் இணைப்பு அவ்வளவாகக் கண்ணில் படாது. மாவு பிசைய, காய் நறுக்க, இலையில் பரிமாற எடுத்து வைக்க இதைவிடச் சுத்தமான மேடை கிடைப்பது கடினம்.

இனி கடையில் சொல்லாத பக்கம்.

சூடான தோசைக்கல்லை வைத்தால் ஒரு வட்டம் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ நிற்கும். அது மேல்கறை இல்லை, பிசின் கருகியது. தேய்த்தால் போகாது. ஆலையில் ஏற்றிய பாலிஷை வீட்டில் கைமெஷினால் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. தேய்த்த இடம் மங்கித் தனித்துத் தெரியும். கருகாத சூட்டிலும் ஆபத்து உண்டு. கல்லைவிடப் பிசின் பல மடங்கு விரியும். ஒரே இடம் திடீரென்று சூடேறி மற்ற இடம் குளிர்ந்திருந்தால் விரிசல் விடும், அதுவும் ஹாப் (மேடைக்குள் பதிக்கும் அடுப்பு) ஓட்டையின் மூலையிலிருந்து. ஓட்டையின் உள்மூலையைச் சதுரமாக வெட்டியிருந்தால் விரிசலுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. குறைந்தது 10 மி.மீ. வளைவு இருக்க வேண்டும். ஹாப்புக்கு முன்னும் பின்னும் 2 அங்குலத்துக்குக் குறையாமல் கல் நிற்க வேண்டும்.

வெயில் இன்னொரு எதிரி. புற ஊதாக் கதிர் பிசினை மஞ்சளாக்கும். மேற்கே பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே, கொல்லைப்புறத் திறந்த அடுப்படியில், மாடியில் எங்கும் குவார்ட்ஸ் வேண்டாம். ஜன்னல் ஓரம் ஒரு நிறமும் மிக்சி நின்ற இடம் வேறு நிறமுமாகப் போகும்.

'கறையே பிடிக்காது' என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மஞ்சள் கலந்த எண்ணெய் ராத்திரி முழுக்கக் கிடந்தால் வெள்ளைக் குவார்ட்ஸில் மெல்லிய மஞ்சள் நிழல் நிற்கும். பாலிஷ் செய்ததைவிடப் பளபளப்பில்லாத மேட் பூச்சில் அதிகம். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, சமையல் சோடாவைக் குழைத்து அரைமணி வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போகும். சோப்புப் பட்டதும் கறை சிவந்தால் பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சளின் குணம் அது. வெயில் பட்டால் மஞ்சள் கறை தானே வெளுக்கும் என்பார்கள். உண்மைதான். வெயிலுக்கு ஆகாத கல்லில் அந்த வைத்தியத்தைத் தினமும் செய்ய முடியாது.

பிளீச்சிங் பவுடர், அடுப்புப் பிசுக்கு நீக்கும் காரத் திரவம், பெயிண்ட் உரிக்கும் கெமிக்கல் ஆகிய மூன்றையும் குவார்ட்ஸ் பக்கம் கொண்டுபோக வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில்தான் மூன்றாவது வந்து சேரும். அன்று மேடையைப் போர்த்தி வையுங்கள்.

எப்போது சரி: ஒதுக்குப்புறமான, நேரடி வெயில் படாத அடுப்படி, சூட்டுப் பாத்திரத்துக்குக் கீழே பிரிமணை வைக்கும் பழக்கம் உள்ள வீடு, காய் நறுக்கவும் மாவு தேய்க்கவும் தனியாக ஒரு மேடை.

## கறுப்பு கிரானைட்

கடையில் கறுப்பு கிரானைட் என்று விற்பது புவியியல்படி பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. டோலரைட், கேப்ரோ போன்ற கருங்கற்கள். நமக்கு அதனால் நஷ்டமில்லை, லாபம்தான். இவை இறுக்கமானவை, தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மின்மினி போலப் பொன்புள்ளி தெரியும் பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வருகிறது. புள்ளியில்லாத ஒரே கறுப்பு இன்னும் இறுக்கம்.

தோசைக்கல்லை வைக்கலாம். வாழைப்பால் பட்டால் தெரியாது. மஞ்சள், டிகாக்‌ஷன் கவலை இல்லை. விளிம்பில் சில்லு பெயர்ந்தால் எபாக்சிப் பசையில் அதே கல்லின் பொடியைக் கலந்து நிரப்பித் தேய்த்துவிடலாம். பத்து வருடம் கழித்துப் பளபளப்பு குறைந்தால் வீட்டிலேயே மெஷின் வைத்து மறுபாலிஷ் போட ஆள் கிடைப்பார். குவார்ட்ஸில் இல்லாத வசதி இது.

குறை என்ன? அடுப்படி இருட்டாகத் தெரியும். உப்புத்தண்ணீர்ப் படிவு, மாவுத்தூள், கைரேகை எல்லாம் காட்டிக்கொடுக்கும். கறுப்பு அழுக்கைத் தாங்கும் என்பார்கள். எண்ணெய், மஞ்சளுக்குப் பொருந்தும். சோப்பு, உப்பு, அரிசிமாவுக்கு நேர் எதிர். கறுப்பில் கரும்பூச்சியும் எறும்பும் தெரியாது என்பது வேறு குறை.

சாயம் ஏற்றிய கல்தான் பெரிய மோசடி. சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயமும் எண்ணெயும் ஏற்றிப் 'ஜெட் பிளாக்' என்று விற்பதுண்டு. வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவரையோ தின்னரையோ நனைத்துக் கல்லின் ஓரத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் நடையைக் கட்டுங்கள். அந்தக் கல் ஒரு வருடத்தில் சிங்க்கைச் சுற்றிச் சாம்பல் பூத்துவிடும்.

## வெளிர் கிரானைட்

வெள்ளையும் வேண்டும், கருகவும் கூடாது என்பவர்கள் வந்து நிற்கும் இடம் இது. ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். மதுரைப் பக்கம் எடுக்கும் காஷ்மீர் ஒயிட்டில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது கார்னெட் என்ற தாது. கல்லே கொஞ்சம் தண்ணீர் குடிக்கும் ஜாதி. சிங்க் ஓரம் நிரந்தரமாக ஈரம் படிந்த நிழல் நிற்கும், வாழைப்பாலும் எண்ணெயும் இறங்கும். நடுத்தர நிறங்கள் பரவாயில்லை. கரீம்நகர் டான் பிரவுன், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ போன்றவற்றில் நிறமும் பூவேலையும் கலந்திருப்பதால் சின்னக் கறை தெரியாது.

வெளிர் கல் எடுத்தே தீர வேண்டும் என்றால் ஊடுருவும் சீலர் பூசி, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். சோதனை எளிது: மேடையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் சீலர் போய்விட்டது. பதிக்கும்போது சாதா சிமெண்டுச் சாந்தைப் போட்டால் அதன் கறை அடியிலிருந்து மேலே ஏறும். வெள்ளைச் சிமெண்டோ வெள்ளை டைல் பசையோதான் போட வேண்டும். இந்தச் செலவையும் கவனிப்பையும் கூட்டினால் பல வீடுகளில் குவார்ட்ஸே தேவலை.

## கடப்பா

மேடையின் முகத்துக்கு வேண்டாம். கடப்பா சுண்ணாம்புக்கல். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்து வெள்ளையாகும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டு அதன்மேலேயே வைத்துத் தேய்க்கும் வீட்டில் மூன்றே மாதத்தில் முகம் மாறிவிடும். அடுக்கடுக்காகப் பெயரும் குணமும் உண்டு. மேடைக்கு அடியில் தாங்குபலகை, அலமாரித் தட்டு, கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்க்கும் இடம் ஆகியவற்றுக்கு மலிவும் நல்லதும் இதுதான்.

## போர்சலைன் பலகையும் மற்றவையும்

குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் பெரிய வெட்ரிஃபைடு (சுட்டு இறுக்கிய) போர்சலைன் பலகைகள் இப்போது மேடைக்கும் வருகின்றன. மேடைக்கென்றால் 12 அல்லது 15 மி.மீ. தடிமனுக்குக் குறையக் கூடாது. சூடு, வெயில், கறை மூன்றுக்கும் அசையாது. விளிம்பில் அடி பட்டால் மட்டும் கண்ணாடி போலச் சில்லு தெறிக்கும். உட்பகுதிக்கும் மேல்பூச்சுக்கும் நிறம் வேறாக இருந்தால் அந்தச் சில்லு ஆயுளுக்கும் தெரியும். தேங்காய் உடைக்கும் வீட்டுக்கு ஆகாது. உங்கள் ஊரில் இதை வெட்டிப் பழகியவர் இல்லையென்றால் நினைக்கவே வேண்டாம். சிங்க் ஓட்டை போடும்போதே பலகை போய்விடும்.

'நானோ ஒயிட்' என்று விற்பது குவார்ட்ஸ் இல்லை, கண்ணாடித்தூளை உருக்கிச் செய்வது. வெள்ளை கொஞ்சமும் மங்காது. விளிம்புச் சில்லு இதிலும் அதே தொல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குவார்ட்ஸ் | கறுப்பு கிரானைட் | வெளிர் கிரானைட் | கடப்பா | போர்சலைன் |
|---|---|---|---|---|---|
| சூட்டுத் தோசைக்கல் | கூடாது | வைக்கலாம் | வைக்கலாம், அடிக்கடி வேண்டாம் | வைக்கலாம் | வைக்கலாம் |
| புளி, எலுமிச்சை | ஒன்றும் ஆகாது | ஒன்றும் ஆகாது | கறை இறங்கலாம் | அரிக்கும் | ஒன்றும் ஆகாது |
| வாழைப்பால், மஞ்சள் | உடனே துடைத்தால் போகும் | தெரியாது | தங்கும் | தெரியாது | போகும் |
| உப்புத்தண்ணீர்ப் படிவு | தெரியாது | நன்றாகத் தெரியும் | தெரியாது | தெரியும் | நிறத்தைப் பொறுத்தது |
| நேர் வெயில் | மஞ்சளாகும் | ஆகாது | ஆகாது | மங்கும் | ஆகாது |
| விளிம்பில் அடி | நடுத்தரம் | தாங்கும் | தாங்கும் | அடுக்காகப் பெயரும் | தெறிக்கும் |
| வீட்டிலேயே பழுது | கடினம் | எளிது | எளிது | எளிது | முடியாது |
| சீலர் | வேண்டாம் | பெரும்பாலும் வேண்டாம் | வேண்டும் | எண்ணெய் தேய்ப்பார்கள் | வேண்டாம் |

## சதுர அடி விலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

10 அடியும் 8 அடியும் உள்ள 'எல்' வடிவ மேடை, அகலம் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். மூலையை இருமுறை எண்ணாமல் கணக்கிட்டால் 10 + 6 = 16 ரன்னிங் அடி (நீள அடி), அதாவது 32 சதுர அடி. சுவர் ஓரம் நிற்கும் 4 அங்குலப் பட்டையான ஸ்கர்டிங் 18 அடிக்கு 6 சதுர அடி. முன்விளிம்பு தடித்துத் தெரிய அடியில் ஒட்டும் 2 அங்குலப் பட்டை 14 அடிக்கு இரண்டேகால் சதுர அடிக்குச் சற்று மேல். மொத்தம் 40 சதுர அடி.

குவார்ட்ஸைப் பெரும்பாலும் முழுப் பலகையாகத்தான் தருவார்கள். 3200-க்கு 1600 மி.மீ. பலகை 55 சதுர அடி. மேலே சொன்ன மேடை முழுக்க அதில் அடங்கும். நாலரை அடிக்கு 2 அடி ஒரு துண்டு மிஞ்சும். 40 அடி வேலைக்கு 55 அடிக்குக் காசு. சதுர அடி 100 ரூபாய் என்று பேசியிருந்தால் உண்மையில் விழுவது 136 ரூபாய்க்கு மேல். அதே வேலைக்கு 3000-க்கு 1400 பலகையைக் காட்டினால் கவனம்: 10 அடி என்பது 3048 மி.மீ. வெறும் 48 மி.மீ. பற்றாமல் நடுவில் ஒரு இணைப்பு வரும். அகலத்திலும் 2 அடிப் பட்டை இரண்டு எடுத்தால் மீதம் 7 அங்குலம்தான், ஸ்கர்டிங்குக்குப் பற்றாது. இரண்டாம் பலகை வாங்க வேண்டிவரும்.

கிரானைட்டில் இரண்டு, இரண்டரை அடி அகலத்தில் அறுத்த சின்னப் பலகைகள் கிடைக்கும். கழிவு குறைவு, இணைப்பு கூடுதல். தெருவீட்டு ரேழியில் எப்படியும் இணைப்பு வேண்டும் என்றால் குவார்ட்ஸின் 'இணைப்பில்லாத ஒரே பலகை' என்ற பெருமைக்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை. இணைப்பு எங்கே வந்தாலும் சிங்க் ஓட்டைமேலும் ஹாப் ஓட்டைமேலும் வரக் கூடாது, குறைந்தது அரையடி தள்ளி இருக்கட்டும்.

இவை போக: விளிம்பு உருட்டுவது ரன்னிங் அடிக்கு, சிங்க் ஓட்டை, ஹாப் ஓட்டை, குழாய்த் துளை ஒவ்வொன்றுக்கும் தனி, சிங்க்கைக் கல்லுக்கு அடியில் தொங்கவிட்டால் ஓட்டை விளிம்புக்கும் பாலிஷ் கூலி. 20 மி.மீ. குவார்ட்ஸில் 10 அடிக்கு 2 அடித் துண்டு ஏறக்குறைய 90 கிலோ. நாலு ஆள் வேண்டும். நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். படுக்க வைத்துத் தூக்கினால் சிங்க் ஓட்டையின் இரு பக்கமும் உள்ள ஒல்லி இடத்தில் முறியும். உடைந்தால் யார் பொறுப்பு என்பதை லாரி ஏறுமுன் பேசிவிடுங்கள்.

உத்தரவாதச் சீட்டையும் படியுங்கள். 10, 15 வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். சூட்டுக் கறை, சில்லு, பதித்தவர் தவறு, தரை இறங்கியதால் வந்த விரிசல் எல்லாம் சின்ன எழுத்தில் விலக்கியிருக்கும். மேடைக் கல்லுக்கு வருகிற தொல்லை பெரும்பாலும் இந்த நாலும்தான்.

## வெட்டும் தூசி

விலைச்சீட்டில் வராத செலவு இது. குவார்ட்ஸில் சிலிக்கா (படிகக்கல்லின் பொருள்) நூற்றுக்கு 90 பங்கை ஒட்டி இருக்கலாம்; கிரானைட்டில் பாதிக்கும் குறைவு, கறுப்பு வகைகளில் இன்னும் சொற்பம். உலர வெட்டும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும். தங்கினால் வெளியேறாது, வந்த நோயைக் குணமாக்கவும் முடியாது. கல் வெட்டும் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்ததைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் போன்ற செயற்கைக் கல்லைச் செய்வதையும் விற்பதையும் பதிப்பதையும் தடை செய்தது. நம் நாட்டிலும் சட்டப்படி சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்.

பதித்து முடித்த மேடையால் சமைப்பவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து வெட்டுகிற பையனுக்கும் அன்று வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் கிரைண்டர் பிடிப்பது பாதுகாப்பே இல்லை. ஓட்டைகள் உட்பட எல்லா வெட்டும் பட்டறையில் தண்ணீர் விட்டுத்தான் நடக்க வேண்டும் என்று பேசுங்கள். கூலி கொஞ்சம் ஏறும், கொடுங்கள். வீட்டில் சின்னத் திருத்தம் வந்தால் ஒருவர் தண்ணீர் ஊற்ற ஒருவர் வெட்டட்டும். தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் எடுக்கட்டும். சிலிக்காவைக் குறைத்துச் செய்த பலகைகளும் வரத் தொடங்கிவிட்டன, கடையில் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குவது நல்லது.

## யாருக்கு எது?

கூட்டுக்குடும்பம், தினம் இருவேளைச் சமையல், தீபாவளிக்கு வீட்டிலேயே பலகாரம்: கறுப்பு கிரானைட், வேறு யோசனை வேண்டாம். வயதான இருவர் மட்டும், அளவான சமையல், கண் மங்குவதால் வெளிச்சமான மேடை வேண்டும்: குவார்ட்ஸ். வாடகைக்கு விடும் வீடு: கிரானைட்டே, குடிவருபவரிடம் பிரிமணைப் பாடம் நடத்த முடியாது. மீன் கழுவும் கொல்லைப்புற மேடை: கிரானைட் அல்லது கடப்பா. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தாழ்ந்த தெருவில் பிளைவுட் அலமாரிமேல் குவார்ட்ஸ்: கூடாது. அலமாரி ஊறி ஊதினால் மேலே உள்ள பலகை விரியும். அங்கே செங்கல் காலோ கடப்பாத் தாங்கோ வைத்துத்தான் எந்தக் கல்லும். இரும்புச் சட்டமும் கடற்கரை ஊர்களில் துருவேறி வளையும்.

கேட்பவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் பதில் இரண்டும் கலந்ததுதான். 'எல்' மேடையில் அடுப்பு உள்ள கையில் கறுப்பு கிரானைட், மற்றக் கையில் குவார்ட்ஸ். மூலையில் எப்படியும் இணைப்பு வரப் போகிறது. அதை நிறம் மாறும் இடமாக ஆக்கிக்கொள்ளலாம். இரண்டின் தடிமனும் ஒன்றாக இருக்காது. கிரானைட் 16 முதல் 18 மி.மீ., குவார்ட்ஸ் 15 அல்லது 20. தாழ்ந்த பக்கத்தில் அடிப்பூச்சை ஏற்றி ரசமட்டம் வைத்துச் சமன் செய்யாவிட்டால் இணைப்பில் படி விழுந்து, துடைக்கும்போதெல்லாம் அழுக்கு சேரும். கிரானைட்டைச் சாந்தில் பதிக்கலாம். குவார்ட்ஸை ஈரச் சாந்தில் முழுக்கப் படிய வைக்க வேண்டாம். அடிமேடை நன்றாகக் காய்ந்தபின் சிலிக்கான் பசையை ஆங்காங்கே வைத்து உட்கார வையுங்கள், விரிந்து சுருங்க இடம் கிடைக்கும். சுவர் ஓரத்தில் 3 மி.மீ. இடைவெளி விட்டு அதையும் சிலிக்கானால் மூடுங்கள்.

## முன்பணம் கொடுக்குமுன்

குவார்ட்ஸ் என்ற பெயரில் பளிங்குத்தூளைப் பிசினில் கலந்த பலகையும் வருகிறது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்கி, பாதியில் எலுமிச்சைச் சாறும் பாதியில் மஞ்சள் குழைத்த எண்ணெயும் விட்டு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் எலுமிச்சை இருந்த இடம் மங்கியிருந்தால் அது குவார்ட்ஸ் இல்லை. மஞ்சளின் நிழல் எவ்வளவு நிற்கிறது என்றும் அதிலேயே தெரியும். துண்டு தர மறுக்கும் கடையில் பலகை வாங்க வேண்டாம்.

பில்லில் இவை எழுத்தில் இருக்கட்டும்: பலகையின் பெயரும் தொகுப்பு எண்ணும், தடிமன் மி.மீ.-இல், முழுப் பலகை விலையா வெட்டிய அளவா, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, ஓட்டைக்கும் விளிம்புக்கும் கூலி, ஏற்று இறக்கு, வழியில் உடைந்தால் யார் கணக்கு. சிங்க்கையும் ஹாப்பையும் முதலில் வாங்கிப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி ஓட்டை போட்டு, பிறகு கால் அங்குலம் பற்றாமல் வாசலில் கிரைண்டர் எடுப்பதுதான் எல்லாத் தூசிக்கும் ஆரம்பம்.

மிச்சத் துண்டுகள் உங்களுடையவை, பட்டறையில் விட்டுவராதீர்கள். குவார்ட்ஸ் துண்டில் உள்ளங்கை அகலம் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்குச் சில்லு நிரப்ப நிறம் பார்க்க உதவும். கிரானைட்டில் ஹாப் ஓட்டைக்கு வெட்டி எடுத்த துண்டின் விளிம்பை மழுங்கத் தேய்த்து, அடியில் நாலு ரப்பர் கால் ஒட்டிக் குவார்ட்ஸ் மேடைமேல் போட்டுவையுங்கள். இறக்கும் தோசைக்கல்லுக்கு அதுவே இடம்.